நூலக அடுக்குகளில் ஒரு தேயிலை மலை: கேமரன் மலைத் தமிழர் வரலாற்றைத் தேடும் நெறி

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் இரப்பர்த் தோட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்குப் போதிய காரணமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோர் பால்மரக் காடுகளுக்கே சென்றனர். எனினும், பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து வாழ்ந்த தமிழர்களும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியினரே. இன்று அம்மலைக்குச் செல்லும் பயணியர் தேயிலைச் சரிவுகளைக் கண்டு களிக்கின்றனர். காடாக இருந்த அச்சரிவுகளைத் தோட்டமாக்கியவர் யார் என்னும் வினா அவர்களிடம் பெரும்பாலும் எழுவதில்லை.

அவ்வினாவோடு பொது நூலகம் ஒன்றுக்குச் செல்லும் மாணவரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். நூற்பட்டியலில் தேயிலை எனத் தேடினால் வேளாண்மை நூல்கள் கிடைக்கின்றன. கேமரன் மலை எனத் தேடினால் சுற்றுலாக் கையேடுகள் கிடைக்கின்றன. மலேசியத் தமிழர் எனத் தேடினால் இரப்பர்த் தோட்ட வரலாறு கிடைக்கிறது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த நூல் எளிதில் கைக்கு எட்டுவதில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பத்திலிருந்து வரும் மாணவர், தம் தோட்டத்துக்கு வரலாறே இல்லை என்னும் முடிவோடு திரும்ப நேர்கிறது.

அம்முடிவு தவறானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. கேமரன் மலைத் தமிழரின் வரலாறு நூலகங்களில் உள்ளது. ஆனால் அது ஓரிடத்தில் இல்லை, தன் பெயரிலும் இல்லை. அதனை எங்கெங்கே, எவ்வாறு தேட வேண்டும் என்பதை நாம் இங்கு எடுத்துரைக்க முற்படுகிறோம். அதே வேளையில், நூலகத்துக்குள் இன்னும் வந்து சேராத ஒரு பகுதியும் உண்டு. அதனைச் சேர்ப்பதற்குக் காலம் மிகுதியாக இல்லை என்பதையும் சுட்டிக்காட்ட விழைகிறோம்.

மலை திறக்கப்பட்ட காலம்

எந்த ஆவணத்தைத் தேடுவதற்கு முன்னும் கால வரையறை தெளிவாக இருத்தல் வேண்டும். 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை ஆய்ந்து குறித்தார். மலையும் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஆயினும், ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்குப் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. 1925ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளராக இருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்வையிட்ட பின்னரே, அதனை மலைவாழிடமாகவும் வேளாண் நிலமாகவும் வளர்க்கும் திட்டம் உருப்பெற்றது. பேராக் மாநிலத்தின் தாப்பா நகரிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலை அமைக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல், இலங்கைத் தேயிலைத் தோட்ட அனுபவம் கொண்ட மில்ன் என்பாரோடு சேர்ந்து போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அடுத்துவந்த ஆண்டுகளில் வேறு தோட்டங்களும் தோன்றின.

இந்த ஆண்டுகளைத் தமிழர் குடியேற்ற வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் இவற்றின் சிறப்பு விளங்குகிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் பின்னர் மேலோங்கியது கங்காணி முறை. ஆனால், தேயிலைத் தோட்டம் தோன்றிய 1929ஆம் ஆண்டிலேயே உலகப் பொருளாதார மந்தமும் தொடங்கியது. இரப்பர் விலை வீழ்ந்தது. 1930ஆம் ஆண்டில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934ஆம் ஆண்டில் ஆள்சேர்ப்பு மீண்டும் தொடங்கியது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்றுக் குடியேறும் முறைக்கே தடை விதித்தது.

ஆகவே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் உருவானது தாயகத்திலிருந்து தொழிலாளர் வருகை தடைப்பட்டும் தொடர்ந்தும் முடிவில் நின்றும்போன பத்தாண்டுகளில் ஆகும். இதிலிருந்து ஒரு கருதுகோள் பிறக்கிறது. அம்மலைக்கு ஏறிய முதல் தலைமுறைத் தமிழருள் ஒரு பகுதியினர், தாழ்நிலத் தோட்டங்களில் வேலை இழந்தோ வேலை தேடியோ சென்றவர்களாக இருத்தல் கூடும். மற்றொரு பகுதியினர் 1934க்கும் 1938க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் வந்தவர்களாகவோ, தம் செலவில் கப்பலேறியவர்களாகவோ இருத்தல் கூடும். ஒவ்வொரு குடும்பத்தின் வரலாறும் இக்கருதுகோளைச் சோதிக்கும் சான்றாகும். பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறினாரா, அன்றித் தாப்பா சாலை வழியாகத்தான் தோட்டத்துக்கு முதலில் வந்தாரா என்னும் எளிய வினா, இங்கு ஆய்வு வினாவாக மாறிவிடுகிறது.

அரசாங்க அறிக்கைகள்: எண்ணாக நிற்கும் தொழிலாளி

முதலில் நாட வேண்டியவை ஆங்கில அரசாங்க வெளியீடுகள். விலேண்ட் தொகுத்த 1931ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பு அறிக்கை, டெல் டூஃபோ தொகுத்த 1947ஆம் ஆண்டின் அறிக்கை, தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகள், இந்திய அரசின் முகவர் மலாயாவிலிருந்து எழுதிய ஆண்டறிக்கைகள் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்தே முகவர் பதவி நடைமுறைக்கு வந்தது. முகவர் தோட்டங்களைப் பார்வையிட்டுக் கூலி, குடியிருப்பு, நோய், பள்ளி முதலியவற்றைப் பற்றி எழுதினார். அவ்வறிக்கைகளில் தொழிலாளி பெயரோடு தோன்றுவது அரிது, எண்ணாகவே தோன்றுகிறார். எனினும் அவ்வெண்களைப் புறக்கணித்துவிட முடியாது.

எடுத்துக்காட்டாகக் கூலியைக் கொள்வோம். 1920களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதிமிக்க பகுதிகளில் ஆடவருக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்டிருக்கு 40 காசு என நிலைக்கூலி வகுக்கப்பட்டிருந்தது. மந்தக் காலத்தில் அது 20 விழுக்காடு குறைக்கப்பட்டு, 40 காசாகவும் 32 காசாகவும் ஆயிற்று. 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, 1937ஆம் ஆண்டில் வெளியான தம் அறிக்கையில் பழைய கூலியை மீண்டும் வழங்குமாறு பரிந்துரைத்தார். 1938ஆம் ஆண்டின் தடைக்கும் கூலிக் குறைப்பு முயற்சியே உடனடிக் காரணமாக அமைந்தது.

இவ்வெண்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு இருப்பதைக் காண்கிறோம். கொழுந்து பறிப்பதில் பெண்களின் கை மிகுதியாக ஈடுபடும் தேயிலைத் தோட்டத்தில், இவ்வேறுபாடு ஒரு குடும்பத்தின் வருவாயை எவ்வாறு பாதித்திருக்கும் என்பது தனியே ஆராயத்தக்கது. மேலும், போக்குவரத்து வசதி குறைந்த பகாங் பகுதிகளுக்கு விலைவாசி கருதிச் சற்று உயர்ந்த கூலி வகுக்கப்பட்டிருந்தது. அரிசியும் உப்பும் மலைச்சாலையில் ஏற்றிச் செல்லப்பட வேண்டியிருந்த கேமரன் மலைக்கு எந்தக் கூலி பொருந்தியது என்னும் வினாவோடு அறிக்கைகளை அணுகினால், வறட்சியாகத் தோன்றும் அட்டவணைகளும் பேசத் தொடங்கும்.

இவ்வறிக்கைகளை முறையாகப் பயன்படுத்திய முன்னோடி நூல்கள் இரண்டினை மாணவர் முதலில் பயிலுதல் நன்று. கெர்னியல் சிங் சந்து எழுதிய மலாயா இந்தியர் பற்றிய நூல் 1969ஆம் ஆண்டிலும், சின்னப்பா அரசரத்தினம் எழுதிய மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய நூல் 1970ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அவை தரும் பொதுச் சட்டகத்துக்குள் தேயிலை மலையை வைத்துப் பார்ப்பது, தனித் தகவல்களைச் சேகரிப்பதினும் பயனுடையதாகும்.

நாளிதழ்கள்: இரு மொழிகளில் ஒரு மலை

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 2009ஆம் ஆண்டு முதல் மின்னியல் வடிவில் வழங்கிவரும் பழைய நாளிதழ்த் தொகுப்பு, இத்தகைய ஆய்வுக்கு ஒரு பெருங்கொடையாகும். சிங்கப்பூரும் மலாயாவும் ஒரே ஆட்சியின் நிழலில் இருந்த காலத்துச் செய்திகள் அங்குக் குவிந்துள்ளன. மலைத்தோட்டப் பள்ளி ஒன்றில் பணிபுரியும் ஆசிரியரும் தம் கணினியின் வழி அவற்றைக் காணலாம்.

அக்காலத்து ஆங்கில நாளிதழ்களில் கேமரன் மலை பெரிதும் ஐரோப்பியரின் ஓய்விடமாகவே காட்சியளிக்கிறது. சாலைப் பணி, தங்குமனைகள், கோல்ஃப் திடல், தட்பவெப்பம், தேயிலை விலை ஆகியவையே செய்திகளாகின்றன. அச்செய்திகளினூடே தொழிலாளரைத் தேடுவதற்கு ஒரு பயிற்சி தேவை. சாலை அமைந்தது என்று செய்தி கூறும்போது, அமைத்தவர் யார் என்று கேட்க வேண்டும். கொழுந்து இவ்வளவு விளைந்தது என்று கூறும்போது, பறித்த கைகள் எத்தனை என்று கேட்க வேண்டும். செயப்பாட்டு வினையில் எழுதப்பட்ட வாக்கியங்கள் எழுவாயை மறைக்கும் இயல்புடையன என்பதை இலக்கணம் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் நன்கறிவர். அவ்வறிவு வரலாற்று வாசிப்புக்கும் துணையாகும்.

தமிழ் நாளிதழ்களில் நிலை வேறு. 1924ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. 1935ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணியின் முயற்சியால் சிங்கப்பூரில் தோன்றிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. அதன் பழைய இதழ்கள் மேற்குறித்த தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. தோட்டச் செய்திகள், சங்கக் கூட்டங்கள், பள்ளி விழாக்கள், திருமண அறிவிப்புகள், வாசகர் மடல்கள் என இவ்விதழ்களில் சிதறிக் கிடப்பவை அரசாங்க அறிக்கையில் இடம்பெறாத செய்திகளாகும். எண்ணாக நின்ற தொழிலாளி இங்குத்தான் பெயரோடும் ஊரோடும் குரலோடும் தோன்ற வாய்ப்புண்டு.

இவ்விதழ்களில் தேடுவோர் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, நிலவியல் பற்றியது. கேமரன் மலை ஆட்சிமுறையில் பகாங்கைச் சேர்ந்ததாயினும், நெடுங்காலம் அதனை அடையும் வழி பேராக் மாநிலத்தின் தாப்பா வழியே அமைந்திருந்தது. ஆதலால் அஞ்சல், சந்தை, திரையரங்கு, மருத்துவமனை, செய்தி ஆகிய எல்லாவற்றுக்கும் தோட்ட மக்கள் தாப்பாவையும் ஈப்போவையும் நோக்கியிருந்தனர் எனக் கொள்வது பொருந்தும். பகாங் செய்திகளை மட்டும் புரட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று நின்றுவிடாமல், பேராக் செய்திப் பகுதியையும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, பெயர் எழுதும் முறை பற்றியது. கேமரன் மலை, காமரன் மலை, கேமரன் ஹைலண்ட்ஸ், தானா ராத்தா, தானாரத்தா, தாப்பா, தப்பா என ஓர் இடத்தின் பெயரே பலவாறு எழுதப்படக் கூடும். தேயிலைத் தோட்டங்களின் பெயர்களும் அவ்வாறே ஒலிபெயர்ப்பில் மாறும். மேலும், தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்மைக்கு முன் அச்சிடப்பட்டவற்றில் ணா, றா, னா, லை, னை முதலியவை பழைய வடிவில் காணப்படுவது வழக்கம். இன்றைய மாணவர்க்கு இவ்வடிவங்களைப் பழக்காமல் பழைய நாளிதழைக் கையில் கொடுப்பது பயன் தராது.

மூன்றாவது, இடைவெளிகள் பற்றியது. 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சிக்காலம், 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலம் ஆகியவற்றில் நாளிதழ் கூறுவதும் கூறாது விடுவதும் அரசியல் சூழலால் வரையறுக்கப்பட்டவை. செய்தி இல்லாமை நிகழ்ச்சி இல்லாமையாகாது.

இலக்கியம்: பால்மரத்தின் நிழலில் தேயிலை

மலேசியத் தமிழ்ப் புனைகதை 1917ஆம் ஆண்டில் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் கருணாசாகரன் நாவலோடு தொடங்குவதாகக் கூறுவர். 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பும், அதே பத்தாண்டில் தமிழ் முரசு வளர்த்த மாணவர் மணிமன்றமும் தோட்டப்புற இளைஞர் பலரை எழுத்தாளராக்கின. அவர்தம் எழுத்துகளில் பெரும்பாலும் விரிவது பால்மரக் காடே. தமிழகத்திலிருந்து வந்து சென்ற அகிலனும் இந்நாட்டைக் களமாகக் கொண்டு எழுதியபோது தம் நாவலுக்குப் பால்மரக் காட்டினிலே என்றே பெயரிட்டார்.

பிற தேயிலை நாடுகளோடு ஒப்பிட்டால் இதன் தன்மை புலப்படும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் தமிழ்ப் பெண்ணின் அவலத்தைப் புதுமைப்பித்தன் 1935ஆம் ஆண்டிலேயே துன்பக்கேணியில் எழுதினார். சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் மலையக இலக்கியம் என்னும் தனிப் பிரிவே உருவாக வழிவகுத்தனர். அசாம் தேயிலைத் தோட்டத்தை முல்க் ராஜ் ஆனந்த் 1937ஆம் ஆண்டில் ஆங்கில நாவலாக்கினார். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் தாம் மருத்துவராகப் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு பி. எச். டேனியல் 1969ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் எரியும் பனிக்காடு என 2007ஆம் ஆண்டில் தமிழுக்கு வந்தது. இவற்றுக்கு இணையாக எண்ணத்தக்க கேமரன் மலை நாவலைப் பெயர் சொல்லுமாறு கேட்டால், இலக்கிய ஆர்வலரும் சற்றுத் தயங்கவே செய்வர்.

இதற்குக் காரணம் தொழிலாளரின் துன்பம் குறைவாக இருந்தது என்பதன்று. முதற் காரணம் அளவு பற்றியது. 1980ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 20 இலட்சம் ஹெக்டர் பரப்பில் இரப்பர் பரவியிருந்த இந்நாட்டில், தேயிலையின் பரப்பு சில ஆயிரம் ஹெக்டரே. இலங்கையில் தேயிலை மலையே ஒரு சமூகத்தின் பெயராயிற்று. மலையகத் தமிழர் என்னும் அடையாளம் அதனின்று பிறந்தது. இங்கோ தேயிலைத் தொழிலாளர், தோட்டத் தமிழர் என்னும் பெரிய வட்டத்துக்குள் அடங்கிப் போயினர். இரண்டாவது காரணம் தொழிலின் இயல்பு பற்றியது. விடியற்காலை இருளில் தனக்குரிய நிரையில் தனியே மரம் வெட்டும் தொழிலாளியின் காட்சி, சிறுகதைக்கு இயல்பான தொடக்கமாக அமைந்தது. தேயிலையோ வெளிச்சத்தில் கூட்டமாகச் செய்யும் வேலை. முதுகிற் கூடையோடு சரிவில் வரிசையாக நிற்றல், எடை பார்க்கும் இடத்தில் காத்திருத்தல், மழையிலும் பனிமூட்டத்திலும் பறித்தல் ஆகிய இவற்றுக்கு வேறொரு கதைமொழி தேவைப்பட்டது.

ஆதலால், கேமரன் மலைத் தமிழரை இலக்கியத்தில் தேடுவோர் நாவல்களோடு நின்றுவிடாமல், நாளிதழ் ஞாயிறு மலர்கள், சிறுகதைத் தொகுப்புகள், கவிதைப் போட்டி முடிவுகள், பள்ளி மாணவர் படைப்புகள் ஆகியவற்றுள்ளும் தேடுதல் வேண்டும். இதற்கு வழிகாட்டியாக அமைவது இராம. சுப்பையா தொகுத்து, மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல், இதழ்ப் பட்டியலாகும். எவையெல்லாம் அச்சாயின என்பதை அறிந்தால்தான் எவற்றை இழந்தோம் என்பதையும் அறியலாம்.

நாளிதழ் இடைவெளியை இலக்கியம் நிரப்பும் இடங்களும் உண்டு. சப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கொடுமையை ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில் 1993ஆம் ஆண்டிலும், அ. ரெங்கசாமியின் நினைவுச் சின்னம் பின்னரும் நாவலாக்கின. மலைத்தோட்டங்களிலிருந்து சென்றவர் உண்டா, சென்றவர் திரும்பினரா என்பதை, அந்நாவல்களைப் படித்துக் காட்டி முதியோரிடம் கேட்கும்போது நினைவுகள் வெளிப்படக் கூடும். இங்கு இலக்கியம் வரலாற்றுக்குச் சான்றாவதோடு, சான்றுகளை வெளிக்கொணரும் கருவியாகவும் பயன்படுகிறது.

பகுப்பெண்ணும் வாசகரும்

இதுவரை கண்டவை ஒரே நூலகத்துள் இருப்பினும் ஒரே அடுக்கில் இருப்பதில்லை. டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் பொது நூலகங்களில் தேயிலை 633.72 என்னும் எண்ணிலும், மலேசிய வரலாறு 959.5 என்னும் எண்ணிலும், தமிழ் இலக்கியம் 894.811 என்னும் எண்ணிலும், தொழிலாளர் பற்றிய நூல்கள் 331 என்னும் எண்ணிலும் வைக்கப்படுகின்றன. ஒரு தாய் பறித்த கொழுந்து ஓர் அடுக்கில், அவள் பெற்ற கூலி மற்றோர் அடுக்கில், அவள் மகன் எழுதிய கவிதை வேறோர் அடுக்கில் என அவ்வாழ்வு பிரிந்து கிடக்கிறது. இது நூலகத்தின் குறையன்று. பகுப்பு என்பதன் இயல்பு. பிரிந்து கிடப்பவற்றை மீண்டும் ஒன்று சேர்ப்பது வாசகரின் பணி.

சீர்காழியிற் பிறந்து, 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரும் உண்டு என்னும் கருத்து அவற்றின் உயிர்நாடியாகும். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒரு தமிழர் உலகுக்கு வழங்கிய இக்கருத்தை, அத்தோட்டங்களின் பிள்ளைகளுக்கு நாம் நடைமுறையில் எடுத்துக்காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

நூலகத்துள் இன்னும் வராதவை

நூலகத்தில் இல்லாதவை பற்றியும் இங்குக் கூறியாக வேண்டும். மலேசியாவில் 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், இந்நாட்டில் வெளியிடப்படும் அச்சு நூல்களின் படிகளைத் தேசிய நூலகத்துக்கு வழங்குமாறு பணிக்கிறது. ஆனால், தோட்ட வாழ்வின் எழுத்துகளுட் பல இத்தகைய வெளியீட்டு வட்டத்துக்குள் வருவதே இல்லை. கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், இளைஞர் மன்றக் கூட்டக் குறிப்பேடு, தொழிற்சங்கக் கிளையின் வரவு செலவுக் கணக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கப்பற் பயணச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியன வீட்டுப் பெட்டிகளிலும் பள்ளி அலமாரிகளிலுமே தங்கிவிடுகின்றன. மலையின் ஈரக்காற்றும் கரையானும் அவற்றை விட்டுவைப்பதில்லை.

தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய ஊர்களிலும், போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தோட்டங்களிலும் உருவான தமிழ்ப் பள்ளிகள் இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியவை. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்து பேருக்கு மேல் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்துமாறு பணித்ததன் தொடர்ச்சியாகவே தோட்டப் பள்ளிகள் பரவின. பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்றில் மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், முன்பு பயின்ற பள்ளி, விலகிய காரணம் எனப் பதிவாகியிருக்குமானால், அத்தோட்டத்தின் குடிப்பெயர்வு வரலாறே அதில் அடங்கும். தாழ்நிலத்திலிருந்து மலைக்கு ஏறியோர் பற்றி மேலே கூறிய கருதுகோளை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

சொற்களும் ஆவணங்களே. இலங்கைத் தோட்டங்களில் தேயிலைச் செடியைக் கத்தரித்தலைக் கவ்வாத்து என்பர். தொழிலாளரைக் காலையில் திரட்டும் இடத்தைப் பெரட்டுக்களம் என்பர். இலங்கை அனுபவம் கொண்ட தோட்டத்துரைமாரால் தொடங்கப்பட்ட மலைத்தோட்டங்களில் எச்சொற்கள் வழங்கின, இரப்பர்த் தோட்டத்திலிருந்து ஏறிச் சென்றோர் கொண்டுசென்ற சொற்கள் எவை என்பதைக் கேட்டுப் பதிவு செய்தால், அம்மக்கள் வந்த வழியை மொழியே காட்டிவிடும். கையால் பறித்த காலம் போய், கத்தரியும் பறிக்கும் இயந்திரமும் வந்துவிட்ட இந்நாளில் பழைய தொழிற்சொற்கள் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

அம்முதியோரும் அங்கு மிகுதியாக இல்லை என்பதே நம்மை விரைந்து செயற்படத் தூண்டுகிறது. 1969ஆம் ஆண்டை ஒட்டி நடைமுறைக்கு வந்த வேலை அனுமதி முறையால் குடியுரிமையற்ற இந்தியர் பலர் தாயகம் திரும்பினர். பிற்காலத் தலைமுறையினர் கல்வியும் வேலையும் நாடி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கினர். இன்று தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளரே பணிபுரிகின்றனர். ஒரு பழைய நிழற்படத்தில் நிற்பவர் இன்னார் என்று விரல் நீட்டிச் சொல்லக் கூடியவர் மறைந்துவிட்டால், அப்படம் நூலகத்துக்கு வந்தும் பெயரற்ற படமாகவே இருக்கும்.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதை உலகத் தமிழர் இன்றும் நினைந்து வருந்துகின்றனர். அது கண்முன் நிகழ்ந்த அழிவு. நாம் இங்குப் பேசுவது ஓசையின்றி நிகழும் அழிவு. பதிவேட்டைப் பழைய காகிதமாக எண்ணி அப்புறப்படுத்துவோர் தீய எண்ணம் உடையவரல்லர். ஆயினும், இழப்பு இழப்பே. இலங்கையில் 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகம், மலையகம் தொடர்பான எழுத்துகளையும் மின்னியல் வடிவில் காத்து வருகிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமோ, தனியொருவர் கோட்டையூரில் திரட்டிய சேகரிப்பிலிருந்து எழுந்தது. பெரும் பொருளின்றியும் தொடங்கலாம் என்பதற்கு இவை சான்றுகளாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

தமிழாசிரியர்கள் தம் வகுப்பறை அளவிலேயே செய்யத்தக்கவை சில உள்ளன. மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்து மூத்தவர் ஒருவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு விடையை எழுதி வரலாம்: எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, எந்த ஆண்டில் இம்மலைக்கு வந்தீர்கள்? பின்னர் அவ்வாண்டின் நாளிதழைத் தேடி எடுத்து, அந்நாளில் மலையைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதை ஒப்பிடலாம். வீட்டு நினைவும் அச்சுச் செய்தியும் முரண்படும் இடமே நல்ல கட்டுரைக்குத் தொடக்கமாகும்.

பள்ளியிலுள்ள பழைய மலர்களையும் பதிவேடுகளையும் நிழற்படமாக்கி, ஒரு படியைப் பள்ளியிலும் மறுபடியை மாநிலப் பொது நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ ஒப்படைக்கலாம். தனியாட்களின் செய்திகள் அடங்கிய பதிவேடுகளைப் பொறுத்தவரை பள்ளியின் இசைவும் குடும்பத்தாரின் இசைவும் பெறுதல் இன்றியமையாதது. ஒப்படைக்கும்போது பொருட்குறிப்பில் தோட்டத்தின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் எழுதித் தருவது நூலகருக்குப் பேருதவியாகும். அக்குறிப்பு இல்லையெனில், வந்து சேர்ந்த ஆவணமும் தேடுவார் கண்ணிற் படாமலே போய்விடும்.

முடிவுரை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழரின் வரலாறு அரசாங்க அறிக்கையில் எண்ணாகவும், ஆங்கில நாளிதழில் மறைந்த எழுவாயாகவும், தமிழ் நாளிதழில் சிதறிய செய்தியாகவும், இலக்கியத்தில் பால்மரத்தின் நிழலில் நிற்கும் சிறு செடியாகவும் கிடக்கிறது என்பதை மேலே கண்டோம். இவற்றுள் எதுவும் தனித்து நின்று முழுமை தருவதில்லை. எண்ணைப் பெயரோடும், பெயரைச் சொல்லோடும், சொல்லை நினைவோடும் சேர்த்து வாசிக்கும்போதே வரலாறு உருப்பெறுகிறது.

அவ்வாறு வாசிப்பதற்கு வேண்டிய முதல் மூன்றும் நூலகங்களில் நமக்காகக் காத்திருக்கின்றன. அவை நாளையும் இருக்கும். நான்காவதான நினைவு அவ்வாறு காத்திராது. ஆகவே, இத்துறையில் ஈடுபட விழையும் மாணவர் நூலகத்துக்குச் செல்வதற்கு முன் தம் தோட்டத்து முதியவரிடம் செல்வதே முறையாகும். அவரிடம் கேட்டு எழுதியதைக் கையிற் கொண்டு நூலகத்துக்குச் செல்பவர், எதைத் தேடுகிறோம் என்பதை அறிந்தே செல்வார். ஆய்வு முடிந்தபின் அக்குறிப்பேட்டின் ஒரு படியையும் அங்கேயே ஒப்படைத்து வருவாராயின், அடுத்து வரும் மாணவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.